ராஜா வேஷமும் ரசிகர் தீர்ப்பும்: சிவகிரியிலும் மட்டக்களப்பிலும்

வீரபாண்டியக் கட்டபொம்மன் படை திரட்டிக்கொண்டு புறப்பட்டது எங்கள் சிவகிரியின் மீதும்தான். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிரான பாளையக்காரர்களின் கூட்டணியில் சேர சிவகிரிப் பாளையக்காரர் மறுத்துவிட்டார். மலையடிவாரத்தில் இருந்த சிவகிரிக் கோட்டையோ கூட்டணிக்கு வேண்டியிருந்தது. சிவகிரி கம்பெனிக்குக் கப்பம் கட்டிய பாளையம். அதன்மீது போனதைத் தன்மீதே வந்ததாகக் கம்பெனி எடுத்துக்கொண்டு, திருநெல்வேலிச் சீமைக்குப் படையை அனுப்பியது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். பள்ளிப் பாடப்புத்தகத்தில் பிள்ளைகள் படிக்கிற செய்திதான் இது.

அப்படிப்பட்ட ஊரில், சுதந்திர தின மேடையில் ஒரு பையன் தலைப்பாகை கட்டி, மையால் மீசை வரைந்து, கட்டபொம்மனாக ஜாக்சன் துரையை எதிர்க்கும் காட்சியைப் பேச வந்து நின்றால், அன்றைக்கு ஊர் எந்தப் பக்கம் நின்றது என்று ஒருவரும் நினைப்பதில்லை. நினைப்பெல்லாம் அந்தப் பையனின் தொண்டைமேல்தான். மூச்சு எங்கே வாங்குகிறான், கடைசிச் சொல்லில் குரல் இறங்கிவிடுகிறதா, கோபம் ஏறும்போது எழுத்து சிதைகிறதா என்று பெரியவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். நன்றாகப் பேசினால், "பயலுக்குத் தொண்டை இருக்குல்லா" என்பார்கள். சறுக்கினால், "ஒப்பிக்கான்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். நடிப்பைப் பற்றி எங்கள் பக்கத்தில் சொல்லப்படும் ஆகக் கடுமையான தீர்ப்பு அதுதான்.

சரித்திரத் தொடர்கள் தொலைக்காட்சியில் பெருகிய பிறகு, தமிழ் ரசிகருக்கு நடிப்பைப் பார்க்கத் தெரியவில்லை, முகவெட்டையும் நகையையும் பார்த்தே மயங்குகிறார்கள் என்று சொல்பவர்களைப் பார்க்கிறேன். அதை நான் ஒப்புவதற்கில்லை. தெக்கத்திச் சீமையிலும் இலங்கையின் கிழக்கிலும் ராஜா வேஷத்தை எடைபோட நூறாண்டுக்கு மேல் பழகிய அளவுகோல்கள் இருக்கின்றன. இரண்டும் வேறு வேறானவை, இரண்டுமே கறாரானவை. தொடர்கள் வந்தபோது அந்த அளவுகோல்களை வைத்துப் பார்க்க இடமில்லாமல் போனது. நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். சரித்திரம், புராணம் என்று நாம் பிரித்துச் சொன்னாலும் பார்க்கிறவர்களுக்கு முடி தரித்து வருகிறவன் எல்லோரும் ஒரே தராசில்தான். அதனால் கட்டபொம்மனையும் கர்ணனையும் சேர்த்தே பேசுகிறேன்.

எங்கள் பக்கத்துக் காதுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகங்கள் தென்மாவட்டங்களின் கோயில் விழாக்களில் விடிய விடிய நடந்தன. வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திரா, கோவலன் எல்லாம் கதை தெரிந்த நாடகங்கள்தான். ஸ்பெஷல் நாடகம் என்றால் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும் வருவார்கள். அன்றைக்கு இரவுதான் மேடையில் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. தர்க்கம் தொடங்கிவிட்டால் யார் பாட்டுக்கு யார் பதில் கொடுப்பது, யார் சொல்லால் யாரை மடக்குவது என்பது அந்த நேரத்துச் சாமர்த்தியம். ஆர்மோனியத்தின் சுருதியைத் தாண்டி குரல் நிற்கிறதா என்பதே முதல் பரீட்சை. செங்கோட்டையில் 1906-இல் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா அந்தப் பரீட்சையில் எவரும் தொடமுடியாத இடத்தில் நின்றவர். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கிற உச்சக் குரல் அவருடையது. 1933-இல், முப்பது வயதைக்கூட எட்டாமல் போய்விட்டார். தென்காசிப் பக்கத்துப் பழைய ஆட்கள் பாட்டுள்ள நடிகன் ஒருவனைப் பாராட்ட வேண்டுமானால் இன்றும் அவர் பெயரைத்தான் இழுப்பார்கள்.

பின்னால் வந்த வசன நாடகத்துக்கும் சினிமாவுக்கும் அந்தக் காதே நீதிபதியானது. சக்தி டி.கே. கிருஷ்ணசாமி எழுதிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' நாடகத்தைச் சிவாஜி கணேசன் 1957 முதல் மேடையில் நடித்தார். பி.ஆர். பந்துலு அதை 1959-இல் படமாக்கினார். 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. வரலாற்றைப் புரட்டினால், 1798-இல் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சன் முன்னால் கட்டபொம்மன் மூன்று மணி நேரம் நிற்க வைக்கப்பட்டார் என்று இருக்கிறது. நின்று பேசியவரின் அவமானமும் பொறுமையும் என்ன தொனியில் இருந்திருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. படத்தில் அது இடியாக இறங்கும் சொற்போராக ஆனது. உண்மையில் இப்படியா நடந்தது என்று எங்கள் ஊர் ரசிகர் கேட்டதில்லை. அந்தச் சொல்லை இந்தக் குரல் தாங்குகிறதா என்று கேட்டார், தாங்குகிறது என்று கண்டார். அதற்குப் பிறகு கட்டபொம்மனாக வந்த ஒவ்வொருவரும், பள்ளிக்கூடத்துப் பையன் உட்பட, அந்தக் குரலுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த அளவுகோலுக்கு ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். சிவகிரிக்குத் தெற்கே வாசுதேவநல்லூரும் நெற்கட்டும்செவலும் இருக்கின்றன. 1755-இலேயே கம்பெனிப் படையை எதிர்த்து நின்ற பூலித்தேவனின் மண் அது. செப்டம்பர் முதல் தேதி அவர் பிறந்தநாளுக்கு நெற்கட்டும்செவலுக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். ஒண்டிவீரன், சுந்தரலிங்கம், அழகுமுத்துக்கோன் என்று ஒவ்வொரு வீரனையும் ஒவ்வொரு சமூகம் தன்னவனாகக் கொண்டாடுகிறது. இதனால் வேஷம் கட்டியவன் நடிப்பை மதிப்பிடும் முன்பே, எங்கள் ஆளைக் குனிய வைத்தானா, எதிராளியை உயர்த்தினானா என்ற கேள்வி வந்து உட்கார்ந்துவிடுகிறது. தோற்றுத் தளர்ந்த பூலித்தேவனை, நண்பரை இழந்து அழும் பூலித்தேவனை எங்கள் மேடைகளில் நான் பார்த்ததில்லை. நடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், நடிக்க விடுவதில்லை. குரலின் உச்சத்தைக் கொண்டாடும் ஊர், குரல் உடையும் இடத்தையும் கேட்கப் பழகியிருந்தால் நமக்கு இன்னும் பெரிய நடிகர்கள் கிடைத்திருப்பார்கள்.

மட்டக்களப்புக்குப் போனால் ரசிகரின் கண் வேறிடத்தில் இருக்கிறது. அங்கே அவர்கள் முதலில் பார்ப்பது ஆடுகிறவனின் காலை.

வடமோடி, தென்மோடி என்ற இரு பாணிகளில் எதுவானாலும் மட்டக்களப்புக் கூத்து நடப்பது வட்டக்களரியில். மண்ணை மேடாக்கி வட்டமாகக் கட்டிய களரியைச் சுற்றி எல்லாப் பக்கமும் சனம் இருக்கும். ஆடுகிறவனுக்கு முதுகை மறைக்கத் திரையில்லை, ஒதுங்கி நிற்க மூலையில்லை. கரப்புடுப்பும் முடியும் கண்ணாடி பதித்த அணிகளும் சுமந்துகொண்டு, கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தள அடிக்குக் கால் போட்டு, தானே பாடவும் வேண்டும். பிற்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவது அவனுக்குக் கிடைக்கும் சின்ன மூச்சு. ஒவ்வொரு பாத்திரத்தின் வரவுக்கும் தனித் தாளக்கட்டு இருக்கிறது. மத்தளம் பேசத் தொடங்கியதுமே வரப்போவது அரசனா, மந்திரியா, பெண் பாத்திரமா என்று சனத்துக்குத் தெரிந்துவிடும். தாளத்தில் ஒரு அடி பிசகினால் களரியைச் சுற்றி முணுமுணுப்பு எழும். நாலு பக்கமும் இருக்கிறவர்களில் பாதிப்பேர் இளமையில் தாங்களே ஆடியவர்கள்.

அதைவிட முக்கியமான வேறுபாடு, அங்கே தீர்ப்பு அரங்கேற்ற இரவில் தொடங்குவதில்லை. முதலில் சட்டங்கொடுத்தல்: இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று அண்ணாவியார் பாட்டும் வசனமும் எழுதிய சட்டத்தைக் கையில் கொடுப்பார். யாருக்குத் தருமன், யாருக்கு வீமன் என்பதில் ஊரே கருத்துச் சொல்லும். பிறகு மாதக்கணக்கில் இரவுகளில் பழக்கம் நடக்கும். ஆட்டம் படிந்ததும் சலங்கை கட்டும் சடங்கு, அதன்பின் அடுக்குப் பார்த்தல் என்னும் முழு ஒத்திகை, கடைசியில்தான் அரங்கேற்றம். பக்கத்து வளவுப் பையன் முதல் இரவில் எப்படித் தடுமாறினான், இப்போது எப்படி ஆடுகிறான் என்பதெல்லாம் சனத்துக்குப் பாடம். தாய்மாரும் சகோதரிகளும் மாலையோடு காத்திருப்பார்கள். பகலில் வயலிலும் வாவியிலும் பாடுபடுகிறவன் இரவில் கர்ணனாக வரும்போது, அவன் கர்ணனா இல்லையா என்பதோடு எவ்வளவு தூரம் நடந்து கர்ணனிடம் வந்து சேர்ந்தான் என்பதையும் சேர்த்தே நிறுக்கிறார்கள். எங்கள் ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை இல்லாத சாமர்த்தியத்துக்குக் கைதட்டல். அங்கே மாதக்கணக்கான உழைப்புக்கு மரியாதை.

இதை வைத்து இந்தியா குரல், இலங்கை கால் என்று கோடு கிழித்துவிட முடியாது. யாழ்ப்பாணத்துக்குப் போனால் சிவகிரிக்காரர் அந்நியமாக உணரமாட்டார். தமிழ்நாட்டு நாடகக் குழுக்கள் கப்பலேறிப் போய் ஆடிய மண் அது. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் ஜோடி சேர்ந்ததே இலங்கை மேடையில்தான். அந்த வழியில் வளர்ந்த இசை நாடகத்தில் காங்கேசன்துறை வி.வி. வைரமுத்து அரசனாக இருந்தார். நடிகமணி என்று சொன்னால் யாழ்ப்பாணத்தில் அவர்தான். அவருடைய வசந்த கான சபாவின் அரிச்சந்திர மயான காண்டத்தைக் கோயில் வீதிகளில் சனம் திரும்பத் திரும்பப் பார்த்தது, இல்லை, கேட்டது. சுடலையில் நிற்கும் அரசனின் துயரம் அவருடைய குரலில்தான் ஊருக்குள் இறங்கியது. அந்த இசை நாடகக் கலைஞர்களில் பலர் சாதியால் ஒதுக்கப்பட்ட குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். மேடையில் அவர்களுடைய அரிச்சந்திரனுக்குக் கண்ணீர் விட்ட ஊர், பகலில் அவர்களை வாசலில் நிறுத்தியது. ரசனையில் அவ்வளவு நுட்பம் காட்டிய சமூகம் மனிதரிடத்தில் அதைக் காட்டவில்லை. இரண்டு கரைக்கும் இந்தக் குற்றச்சாட்டு பொருந்தும்.

முகத்தைப் பார்க்கும் பழக்கமும் இலங்கையில் தொலைக்காட்சி கொண்டுவந்தது என்று சொல்லமுடியாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் மட்டக்களப்புக் கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். 1962-இல் 'கர்ணன் போர்', 1963-இல் 'நொண்டி நாடகம்', 1964-இல் 'இராவணேசன்'. இரவு முழுக்க ஆடியதை ஒன்றரை மணி நேர அளவுக்குச் சுருக்கினார்கள். இராவணேசனில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் கூத்து ஆய்வின் முதன்மையான பெயராக ஆனார். ஆட்டத்தோடு பாத்திரத்தின் உள்ளப் போராட்டமும் தெரிய வேண்டும் என்ற கோரிக்கை அங்கேதான் அழுத்தமாக எழுந்தது. ஆனால் கால் போகவில்லை. முகம் கூடுதலாகச் சேர்ந்தது, அவ்வளவே. பழைய அளவுகோலை உடைக்காமல் புதியதைச் சேர்க்கலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று அதுதான்.

இனி தொலைக்காட்சி. 1987 ஜனவரியில் ராமானந்த் சாகரின் 'ராமாயண்', 1988-இல் பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத்', 1990-இல் சஞ்சய் கானின் 'திப்பு சுல்தானின் வாள்' என்று தூர்தர்ஷன் காட்டியபோது, சிவகிரித் தெருக்களில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகளின் முற்றம் நிறைந்தது. எல்லாம் இந்தியில். வசனத்தின் பொருள் புரியாமல் ராஜா வேஷத்தைப் பார்ப்பது எங்கள் சனத்துக்கு அதுவே முதல் முறை. தங்கள் முதல் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு முகத்தையும் புன்னகையையும் பார்த்தார்கள். அருண் கோவிலின் ராமனையும் நிதிஷ் பரத்வாஜின் கிருஷ்ணனையும் பூஜை அறைப் படம் உயிர் பெற்றதாகக் கொண்டாடினார்கள். அதற்குமேல் மதிப்பிட அவர்களுக்குப் பிடி கிடைக்கவில்லை.

2013 அக்டோபரில் விஜய் தொலைக்காட்சி தமிழ்க் குரலோடு 'மகாபாரதம்' கொண்டுவந்தபோது மொழித் தடை நீங்கியது. டிஷ் வழியாக இலங்கைத் தமிழ் வீடுகளுக்கும் இந்தியச் சேனல்கள் போய்க்கொண்டிருந்தன. இங்கே ஒரு நல்ல ஒப்பீடு கிடைக்கிறது. கர்ணன். சிவகிரிக்காரர் மனதில் 1964-இல் வந்த சிவாஜியின் கர்ணன் இருக்கிறார். மட்டக்களப்புக்காரர் மனதில் களரியில் வில்லோடு சுழன்று ஆடும் வடமோடிக் கர்ணன் இருக்கிறான். தொடரின் கர்ணனாக அகம் ஷர்மா வந்தார். ஆறடிக்குக் குறையாத தோற்றம், பேசாமலே சோகத்தைத் தாங்கும் கண். அவரை நான் மட்டமான நடிகராக நினைக்கவில்லை. ஆனால் அவரை எதைக்கொண்டு நிறுப்பது?

குரலைக் கொண்டு நிறுக்கலாம் என்றால், அந்தக் குரல் அவருடையதன்று. தமிழில் பேசியவர் இருட்டறையில் மைக் முன்னால் நின்று, திரையில் ஓடும் வாயசைவுக்கு ஏற்ப, துண்டு துண்டாகப் பேசிய கலைஞர். உதடு மூடும் இடத்தில் பகரமோ மகரமோ விழவேண்டும். இந்தி வாக்கியம் எங்கே முடிகிறதோ அங்கே தமிழும் முடியவேண்டும். ஒரே மூச்சில் ஏறி இறங்கும் நீண்ட வசனத்துக்கு அங்கே வழியே இல்லை. பின்னணிப் பாட்டை ஏற்றவர்கள் பின்னணிப் பேச்சை ஏற்கக் கூடாதா என்று கேட்கலாம். சிவாஜிக்குப் பாடும்போது டி.எம். சௌந்தரராஜன் சிவாஜியின் உடம்பையும் தொண்டையையும் மனதில் வாங்கிக்கொண்டு பாடினார். அந்த நேரம், அந்த உழைப்பு, வாரம் ஐந்து நாள் ஓடும் தொடரில் டப்பிங் கலைஞருக்குக் கொடுக்கப்படுவதில்லை. அப்படியிருந்தும் அவர்களில் சிலர் அசாத்தியமாகப் பேசுகிறார்கள். எங்கள் தெருவில் தொடரைப் பார்க்கிற பெரியம்மா ஒருவர், வேலை செய்துகொண்டே கேட்பார், திரையை அதிகம் பார்க்கமாட்டார். "சகுனி நல்லாப் பேசுதான்" என்று சொல்வார். அவர் பாராட்டியது யாரை? அந்தப் பேச்சுக்குச் சொந்தக்காரர் பெயர் அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

சரி, மட்டக்களப்பு வழியில் காலைக் கொண்டு நிறுக்கலாம் என்றால் கேமரா மார்புக்குக் கீழே இறங்குவதில்லை. போர்க்களத்தில்கூட நடை பாதி கணினி வேலை. ஒருவர் ஒரு வாக்கியம் பேசினால் சபையில் இருக்கும் ஏழெட்டு முகங்களின் அதிர்ச்சியை இடிமுழக்கத்தோடு காட்டி முடிக்கிறார்கள். அந்த நேரத்தில் பேசியவரின் உடம்பு என்ன செய்தது என்று பார்க்க வழியில்லை. அரசன் எப்படி நடந்து வந்து சிம்மாசனத்தில் உட்கார்ந்தான் என்பது, வரவு ஆட்டத்தில் ஊறிய கண்ணுக்கு, பாத்திரத்தின் பாதி. தொடரில் அவன் உட்கார்ந்தபடியே தோன்றுகிறான்.

ஆக இரண்டு ஊர்க்காரரும் கையில் இருந்த அளவுகோலை வைக்க இடமின்றி, கிடைத்ததைக் கொண்டு தீர்ப்புச் சொல்கிறார்கள்: முடி பொருந்துகிறது, கண் அழகு, அழுதால் அழுகை வருகிறது. இது ரசனை கெட்டதன் அடையாளம் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். இதே ஆட்கள் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக்காரர் குரல் தளர்ந்தால் எழுந்து போய்விடுகிறவர்கள். இதே ஆட்கள் களரியில் தாளம் பிசகினால் அண்ணாவியாரைத் திரும்பிப் பார்க்கிறவர்கள்.

தமிழிலேயே எழுதி எடுத்த சரித்திரத் தொடர்களும் வராமலில்லை. கலைஞர் தொலைக்காட்சியில் 'ரோமாபுரிப் பாண்டியன்' 2014-இல் வந்தது. தொண்ணூறு வயது கடந்த நிலையில் மு. கருணாநிதி வசனம் எழுதிய 'ராமானுஜர்' 2015-இல் தொடங்கியது. ராமானுஜரை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கேட்ட விதமே வேறு. வசனத்தின் நடையைப் பற்றி, நடிகர் அதைச் சொன்ன விதத்தைப் பற்றிப் பேசினார்கள், வாதிட்டார்கள். அளவுகோல் துருப்பிடிக்கவில்லை என்பதற்கு எனக்கு அதுவே போதுமான அத்தாட்சி. வன்னியில் 1803-இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டாரவன்னியனை முல்லைமணி நாடகமாக எழுதினார். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாண அரசனைப் பற்றிச் 'சங்கிலி' நாடகம் எழுதினார். இலங்கைத் தமிழரிடம் கதையும் இருக்கிறது, ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள். தொடர் எடுக்கிற பணம்தான் இல்லை. பணம் இருக்கிற சென்னையோ வடக்கிலிருந்து வருவதை வாங்கி, மேலே தமிழை ஒட்டி அனுப்புகிறது.

சேனல்களிடம் இரண்டு கோரிக்கைகள். தெக்கத்திப் பாளையங்களின் கதையையோ வன்னியின் கதையையோ எடுக்கத் துணிகிற நாளில், இசை நாடக மேடையிலும் கூத்துக் களரியிலும் பழகியவர்களை ஒரு முறையாவது தேர்வுக்குக் கூப்பிடுங்கள். அவர்களை முழு உடம்பும் தெரிய நிற்க வைத்து, ஒரு நீண்ட வசனத்தை வெட்டாமல் பேச விடுங்கள். அதுவரை வடக்கத்தித் தொடர்களைத் தமிழில் தருவதென்றால், கர்ணனாக நடித்தவர் பெயர் வரும் அதே அட்டையில், அதே அளவு எழுத்தில், கர்ணனாகப் பேசியவர் பெயரையும் போடுங்கள். சிவகிரியிலும் மட்டக்களப்பிலும் யாரைப் பாராட்டுகிறோம் என்று தெரிந்து பாராட்ட எங்களுக்கு உரிமை இருக்கிறது.